செல்லுக்குள் ஓர் உலைக்களம்

கூட்டமாக வாழும் உயிர்களுள் ஒன்று முந்துகிறது, மற்றொன்று பின்வாங்குகிறது. முந்துவதை வீரம் என்றும் பின்வாங்குவதைக் கோழைமை என்றும் உலகம் பெயரிட்டு வந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் ஒரு பகுதி, மூளைச் செல்லுக்குள் நிகழும் ஆற்றல் உற்பத்தியைச் சார்ந்தது என இன்றைய நரம்பியல் கூறுகிறது. பதற்றத்துக்கும் சமூகப் படிநிலைக்கும் செல்லின் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையடிவாரத்தில் ஒரு சமூகம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் நடப்போர் குரங்குக் கூட்டங்களைக் காணாமல் கடக்க இயலாது. தலையின் உச்சியில் மயிர் வட்டமாகப் படிந்து குல்லாய் அணிந்தாற்போலத் தோன்றும் இவை நாட்டுக்குரங்குகள். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை.

வாழைப்பழம் ஒன்று தரையில் விழுந்தால் அங்கு நிகழ்வதைச் சற்று உற்றுநோக்குக. பருத்த உடலுடைய கடுவன் ஒன்று விரைவின்றி வந்து அதனை எடுத்துக்கொள்ளும். அருகில் இருந்த மற்றொன்று, கை நீட்டும் தொலைவில் பழம் இருந்தும் பார்வையைத் திருப்பிக்கொண்டு விலகும். சண்டை ஏதும் நிகழ்வதில்லை. யார் முந்த வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்பது அக்கூட்டத்தில் முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது. இவ்வாறு ஒரு கூட்டத்தின் உறுப்பினர்களிடையே நிலவும் மேல், கீழ் வரிசையைச் சமூகப் படிநிலை என்பர்.

ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண் குரங்கை மந்தி என்றும் வழங்கும் மரபைத் தொல்காப்பியத்தின் மரபியல் பதிவு செய்துள்ளது. இவ்விரு பாலின் படிநிலைகளும் வெவ்வேறு வகையில் அமைகின்றன. மந்தியின் இடம் பெரும்பாலும் தாயின் இடத்தை ஒட்டி அமைந்து நெடுங்காலம் நிலைக்கிறது. கடுவனின் இடமோ உடல் வலிமை, வயது, நட்பு ஆகியவற்றைச் சார்ந்து ஏறியும் இறங்கியும் வருகிறது.

இம்மலையில் வாழ்ந்த குரங்குக் கூட்டங்களின் உறவுகளைக் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் இரமண மகரிசி. 1896ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்த அவர், 1899 முதல் 1916 வரை மலைச்சரிவில் உள்ள விருபாட்சி குகையில் வாழ்ந்தார். தலைமைக் குரங்கினால் கடிபட்டு, நடக்க இயலாமல் கூட்டத்தாரால் கைவிடப்பட்ட குட்டி ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதனைப் பேணிக் காத்தார். நொண்டி என அழைக்கப்பட்ட அக்குரங்கு நலம் பெற்றது. அதன் கூட்டம் அதனை மீண்டும் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் அதுவே அக்கூட்டத்தின் தலைமை இடத்தை அடைந்தது என அவருடைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கடிபட்டுக் கீழே கிடந்த ஒன்று தலைமைக்கு உயர்ந்தது எவ்வாறு? தாழ்ந்த இடம் என்பது பிறவியிலேயே எழுதப்பட்டதா? உடலுக்குள் அதற்கு வேர் உண்டா? அவ்வேர் மாறக்கூடியதா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் முயற்சி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கோழிப்பண்ணையில் தொடங்கியது.

கொத்தும் வரிசை

நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் செல்டரப்-எப்பே இளமை முதலே கோழிகளின் நடத்தையைக் குறித்து வைத்தவர். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்பதைக் கணக்கிட்டபோது, அதில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் கண்டறிந்தார். முதல் நிலைக் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைநிலைக் கோழி எல்லாவற்றாலும் கொத்தப்படும். இடையில் உள்ளவை தமக்கு மேலுள்ளவற்றுக்குப் பணிந்து, கீழுள்ளவற்றைக் கொத்தும். 1920களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட இக்கருத்து ‘கொத்தும் வரிசை’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது.

படிநிலையால் ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு கவளத்துக்கும் சண்டையிட்டால் கூட்டம் முழுவதும் காயமுற்று அழியும். வரிசை அமைந்துவிட்டால் சண்டை குறைகிறது. ஆனால் அமைதியின் விலையை அனைவரும் சமமாகச் செலுத்துவதில்லை. இதனை ஆராய்ந்தவர் அமெரிக்க உயிரியலாளர் இராபர்ட் சபோல்ஸ்கி. 1970களின் இறுதி முதல் பல ஆண்டுகள் கென்யாவின் புல்வெளிகளில் பபூன் குரங்குகளிடம் இரத்த மாதிரி எடுத்து அவர் ஆய்வு செய்தார். படிநிலை உறுதியாக இருக்கும் காலத்தில், கீழ்நிலையில் உள்ள பபூன்களின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் நெருக்கடிக்கால ஹார்மோன் மிகுந்திருந்தது. ஆபத்து வரும்போது மட்டும் சுரக்க வேண்டிய அது, அவற்றின் உடலில் ஓயாது மிகுந்திருந்தது.

எனினும் மேல்நிலையில் இருப்போர் அனைவரும் அமைதியாக வாழ்கின்றனர் என முடிவு செய்தல் கூடாது. கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் வாழும் பபூன்களைப் பற்றி 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, கூட்டத்தின் முதல் ஆணிடம் நெருக்கடிக்கால ஹார்மோன்கள் இரண்டாம் ஆணிடம் இருப்பதைக் காட்டிலும் மிகுந்திருப்பதைக் காட்டியது. தலைமையைக் காத்துக்கொள்வதற்கும் விலை உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

இவ்வாய்வுகள் குருதியில் ஓடும் ஹார்மோன்களை அளந்தன. முந்துவதா, பின்வாங்குவதா என்னும் முடிவு எடுக்கப்படும் இடமோ மூளை. ஆகவே ஆய்வின் அடுத்த படி மூளைச் செல்லை நோக்கி நகர்ந்தது.

மூளை என்னும் பெருஞ்செலவாளி

மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு. ஆயினும் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நரம்புச் செல் ஒன்று செய்தி அனுப்பும்போது அதன் சவ்வின் வழியே சோடியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. அடுத்த செய்தியை அனுப்புவதற்கு முன் அவற்றைப் பழைய இடத்துக்கு மீட்டாக வேண்டும். இந்த ஓயாத இறைப்புப் பணிக்கே மூளையின் ஆற்றலில் பெரும்பகுதி செலவாகிறது.

இவ்வாற்றலை வழங்கும் மூலக்கூறு அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. வங்கியில் இருக்கும் வைப்புத்தொகையைக் கொண்டு கடையில் நேரடியாகப் பொருள் வாங்க இயலாது. அதனைக் கைப்பணமாக மாற்ற வேண்டும். அதுபோல, நாம் உண்ணும் சோற்றில் உள்ள ஆற்றலைச் செல் நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அதனை ஏ.டி.பி.யாக மாற்றித் தரும் உறுப்பே மைட்டோகாண்ட்ரியா. இழை போன்றும் மணி போன்றும் தோன்றுவதால் தமிழில் இதனை இழைமணி என்றும் கூறுவர். நரம்புச் செல் ஒன்றில் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான இழைமணிகள் உள்ளன.

இழைமணி இயங்கும் முறையை அறிய, திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள சாத்தனூர் அணையை எண்ணிப் பார்க்கலாம். உயரத்தில் தேக்கிய நீர் கீழே பாயும்போது சுழலியைச் சுழற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. இழைமணியின் உட்சவ்வில் வரிசையாக அமைந்துள்ள புரதத் தொகுதிகள், உணவிலிருந்து பெற்ற எலக்ட்ரான்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்துக்கு இறைக்கப்பட்டு அணைநீர் போலத் தேங்குகின்றன. தேங்கியவை திரும்பப் பாயும்போது சவ்வில் பதிந்துள்ள சுழலி போன்ற நொதி சுழன்று ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. கைமாற்றும் வரிசையில் எலக்ட்ரான் நுழையும் வாயில்களாக இருப்பவை முதலாம் தொகுதியும் இரண்டாம் தொகுதியும் ஆகும். இவ்விரு பெயர்களையும் நினைவிற்கொள்க. பின்னர் இவை மீண்டும் வரும்.

தெரிந்து தெளிவோம்

ஏ.டி.பி.யைக் கண்டறிந்த வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்று மூன்றாம் முறை வென்ற அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியாட்டினை 1927ஆம் ஆண்டிலும் ஏ.டி.பி.யை 1929ஆம் ஆண்டிலும் கண்டறிந்தார். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்.

எலிகள் கூறிய செய்தி

சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கார்மென் சாண்டி என்பவரின் தலைமையில் இயங்கும் ஆய்வுக்குழு, பதற்றத்தையும் படிநிலையையும் இணைக்கும் இழையைத் தேடியது. அக்குழுவின் ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது.

எலியின் பதற்றத்தை எவ்வாறு அளப்பது? தரையிலிருந்து உயர்த்தப்பட்ட, கூட்டல் குறி வடிவிலான மேடை ஒன்று அதற்கென உண்டு. அதன் நான்கு கைகளுள் இரண்டுக்குப் பக்கச் சுவர்கள் உள்ளன. மற்ற இரண்டும் திறந்தவெளி. புதிய இடத்தை ஆராயும் ஆவலும் திறந்தவெளி பற்றிய அச்சமும் எலியிடம் இயல்பாகவே உள்ளன. பதற்றம் மிகுந்த எலி சுவருக்குள்ளேயே ஒடுங்கும். பதற்றம் குறைந்த எலி திறந்த கைக்கும் சென்று மீளும்.

பின்னர், வயதும் எடையும் ஒத்த இரண்டு எலிகள், பதற்றம் மிகுந்தது ஒன்றும் குறைந்தது ஒன்றுமாக, முன்பின் அறிமுகமின்றி ஒரே இடத்தில் விடப்பட்டன. இடத்துக்கான போட்டியில் பெரும்பாலும் பதற்றம் குறைந்த எலியே மேல்நிலையை அடைந்தது. உடல் வலிமை ஒத்திருந்தும் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

இவ்வேறுபாட்டின் தடத்தைக் குழுவினர் மூளையில் தேடினர். நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்னும் சிறுபகுதி அவர்களின் கவனத்தை ஈர்த்தது. மூளையின் இரு பாதிகளிலும் அடிப்புறத்தில் அமைந்துள்ள இப்பகுதி, ஊக்கத்தின் நிலையமாகக் கருதப்படுகிறது. ஒரு செயலின் பயன், அதற்கான முயற்சிக்குத் தக்கதுதானா என மதிப்பிடுவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. டோபமைன் என்னும் வேதித்தூதுவர் இங்கு வந்து சேர்ந்து முயற்சியைத் தூண்டுகிறது.

பதற்றம் மிகுந்த எலிகளின் இப்பகுதியில் மேற்கூறிய முதலாம், இரண்டாம் புரதத் தொகுதிகள் குறைந்திருந்தன. இழைமணிகளின் சுவாசத் திறன் தாழ்ந்திருந்தது, ஏ.டி.பி. அளவும் குறைவு. எரிப்பு சீராக நிகழாத அடுப்பில் புகை மிகுவதுபோல, செல்லுக்குத் தீங்கு தரும் ஆக்சிஜன் விளைபொருள்கள் அங்கு மிகுந்திருந்தன.

இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. கிரிவலத்துக்கு மக்கள் கூட்டமாக வரும் இரவில் முழுநிலவும் தோன்றுகிறது. ஆனால் நிலவு தோன்றக் கூட்டம் காரணமன்று. ஆகவே குழுவினர் காரணத்தைச் சோதிக்க இருவகை ஆய்வுகளைச் செய்தனர். முதலாவதாக, இழைமணியின் செயலைத் தடுக்கும் பொருளை நியூக்ளியஸ் அக்கும்பென்சில் மட்டும் செலுத்தினர். அதனைப் பெற்ற எலிகள் போட்டியில் மேல்நிலையை அடைவது குறைந்தது. இரண்டாவதாக, பதற்றம் மிகுந்த எலிகளின் அதே பகுதியில் நிக்கோட்டினமைடைச் செலுத்தினர். இது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். எலக்ட்ரானை இழைமணியின் வாயிலுக்குச் சுமந்து செல்லும் துணைப்பொருளை உருவாக்கச் செல்லுக்கு உதவுவது. அதனைப் பெற்றபின் அப்பகுதியில் இழைமணிகளின் சுவாசம் உயர்ந்தது. பதற்றம் மிகுந்திருந்தும் அவ்வெலிகள் கீழ்நிலைக்குத் தள்ளப்படவில்லை.

இதே ஆய்வுக்கூடம் 2021இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இழைமணிகள் ஒன்றோடொன்று இணைவதற்கு உதவும் மைட்டோஃபியூசின்-2 என்னும் புரதத்தை ஆராய்ந்தது. பதற்றம் மிகுந்த எலிகளின் அப்பகுதிச் செல்களில் இப்புரதம் குறைந்திருந்தது. அதனைச் செயற்கையாக மிகுவித்தபோது எலிகளின் பதற்ற நடத்தை தணிந்தது.

இவற்றால் அறியலாகும் செய்தி ஒன்று உண்டு. பின்வாங்கிய எலியிடம் வேறெந்தக் குறையும் இல்லை. முயற்சியைத் தூண்டும் இடத்தில், முயற்சிக்குத் தேவையான ஆற்றல் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆற்றல் கிடைத்தபோது அதே எலி தன் இடத்தைக் காத்து நின்றது.

இடமும் செல்லை மாற்றும்

செல் நடத்தையை மாற்றுகிறது என்பதை மேலே கண்டோம். சமூகத்தில் ஒருவர் பெறும் இடம், செல்லை மாற்றுமா என்பது அடுத்த வினா. அமெரிக்காவில் செம்முகக் குரங்குகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு இதற்கு விடையளித்தது. அறிமுகமற்ற 45 மந்திகளை ஐந்தைந்தாகப் பிரித்துப் புதிய குழுக்களை ஆய்வாளர் அமைத்தனர். குழுவில் முதலில் விடப்பட்டவை பொதுவாக மேல்நிலையையும் பின்னர் விடப்பட்டவை கீழ்நிலையையும் பெற்றன. அதாவது, இடம் திறமையால் வரவில்லை. நுழைந்த வரிசையால் வந்தது. எனினும், கீழிடம் பெற்ற மந்திகளின் நோய் எதிர்ப்புச் செல்களில் அழற்சி தொடர்பான மரபணுக்கள் மிகுதியாகச் செயற்பட்டன. பின்னர் குழுக்களைக் கலைத்துப் புதிய வரிசையில் அமைத்தபோது, இடம் மாறியவற்றின் மரபணுச் செயற்பாடும் மாறியது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, கீழிடம் உடலில் பதிகிறது என்பதையும் அப்பதிவு அழியக்கூடியது என்பதையும் ஒருங்கே காட்டியது.

கூட்டத்தின் இயல்பே மாறிய நிகழ்வும் உண்டு. சபோல்ஸ்கி ஆராய்ந்த பபூன் கூட்டம் ஒன்றின் முரட்டு ஆண்கள், சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டில் கிடைத்த உணவுக்காகப் பிற கூட்டத்துடன் போரிட்டு வந்தன. 1980களின் நடுப்பகுதியில், அங்கிருந்த இறைச்சியின் வழியே பரவிய காசநோயால் அவை இறந்தன. எஞ்சியவை சண்டையை விரும்பாத ஆண்களும் பெண்களும் குட்டிகளுமே. அதன்பின் அக்கூட்டத்தில் அச்சுறுத்தல் குறைந்தது. கீழ்நிலை ஆண்களிடம் நெருக்கடியின் உடற்குறிகள் தணிந்தன. ஆண்டுகள் பல கடந்து, வெளியிலிருந்து வந்து சேர்ந்த புதிய ஆண்களும் அக்கூட்டத்தின் மென்மையான வழக்கத்தையே கற்றுக்கொண்டன. கீழ்நிலையில் இருத்தல் எவ்வளவு துன்பம் தரும் என்பதைக் கூட்டத்தின் பண்பாடு முடிவு செய்கிறது என்பதற்கு இது சான்று.

மனிதரும் எலியும் ஒன்றல்லர்

எலியிடம் கண்டதை அப்படியே மனிதர்மீது ஏற்றிக் கூறுதல் அறிவியல் நெறியன்று. எலிக்கு ஒரே ஒரு கூண்டு. மனிதருக்கோ பல களங்கள். வகுப்பறையில் வாய் திறவாத மாணவர் கால்பந்துக் களத்தில் தலைவராக விளங்கக்கூடும். மேடையில் நடுங்குபவர் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அசையாத துணையாக நிற்கக்கூடும். அமைதியை விரும்பும் இயல்பும் பதற்றமும் ஒன்றல்ல. பிறரை அடக்குவதும் மதிப்புடன் வாழ்வதும் ஒன்றல்ல.

இதனினும் இன்றியமையாத வேறுபாடு ஒன்றுண்டு. மனித சமூகத்தில் உள்ள மேல், கீழ் வரிசைகள் பலவும் சாதி, செல்வம், பாலினம், அதிகாரம் ஆகியவற்றால் மனிதர் வகுத்தவை. அவற்றுக்குச் செல்லில் நியாயம் தேடுவது பிழை. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, அரசு ஊழியர் ஏறத்தாழ 18,000 பேரைத் தொடர்ந்து கண்காணித்தது. கடைநிலை ஊழியர்களிடையே இதயநோயால் நிகழும் இறப்பு, உயர்நிலை அலுவலர்களிடையே நிகழ்வதைப்போல ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் ஆய்வும் நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியலாளர் இருவர் உத்தரப்பிரதேசத்தின் சிற்றூர்களில் பள்ளி மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைத் தந்து தீர்க்கச் செய்தனர். மேல்சாதி எனப்படும் பிரிவினர் 321 பேரும் கீழ்சாதி எனப்படும் பிரிவினர் 321 பேரும் அதில் பங்கேற்றனர். சாதி அறிவிக்கப்படாதபோது இரு பிரிவினரின் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாணவரின் பெயருடன் சாதியும் அனைவர்முன் அறிவிக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்தது. மூளை மாறவில்லை, புதிர் மாறவில்லை, அறிவிப்பு ஒன்றே மாறியது. தாழ்வு என்பது பிறப்பில் இல்லை, தாழ்த்தும் சூழலில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதற்றம் பழியன்று

பதற்றம் ஓரளவு அனைவருக்கும் தேவையானதே. தேர்வுக்கு முன் நெஞ்சு படபடப்பது, உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வதன் அடையாளம். அது நாள்தோறும் நீடித்து உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் குலைக்கும்போது கவனிக்கத்தக்க உடல்நலச் சிக்கல் ஆகிறது. காய்ச்சல் வந்தவரைக் கோழை என்று எவரும் இகழ்வதில்லை. பதற்றத்தால் தவிப்பவரை இகழ்வதற்கும் காரணம் ஏதுமில்லை.

எலிகளுக்கு நிக்கோட்டினமைடு பயனளித்தது என்பதால் வைட்டமின் மாத்திரைகளை வாங்கி உண்பது பயன் தராது. ஆய்வில் அப்பொருள் மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் நேரடியாகச் செலுத்தப்பட்டது. மருத்துவரின் அறிவுரையின்றி எம்மருந்தையும் உட்கொள்ளலாகாது. ஆயினும் செல்லின் உலைக்களத்தைப் பேண எளிய வழிகள் உண்டு. தொடர்ந்து உடற்பயிற்சி செய்வோரின் தசைச் செல்களில் இழைமணிகள் பெருகுகின்றன. ஓடிப் பயின்ற சுண்டெலிகளின் மூளையிலும் இழைமணி பெருகுவதற்கான அறிகுறிகள் காணப்பட்டுள்ளன. போதிய உறக்கமும் நேரத்துக்கு உணவும் மனந்திறந்து பேச ஒரு துணையும் பதற்றத்தைத் தணிக்க உதவுகின்றன. பதற்றம் கட்டுக்கடங்காதபோது ஆசிரியரையோ மருத்துவரையோ நாடலாம். இந்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே பேசிப் பெறலாம்.

வகுப்பறையும் ஒரு கூட்டமே. கடைசி இருக்கையில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் மாணவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதும், விடை பிழைத்தவரை நகைக்காது விடுவதும், விளையாட்டில் எப்போதும் விடுபடுபவரை முதலில் சேர்த்துக்கொள்வதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். சமூகத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் அவருடைய உடலின் செல்வரை சென்று பதிகிறது என்பதை அறிந்தபின் அவற்றைச் சிறியன எனக் கருத இயலாது. செல் தரும் ஆற்றல் மனிதரை நிமிர்த்துகிறது; மனிதர் மனிதருக்குத் தரும் மதிப்பு செல்லையும் காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணப்படும் குரங்கு, கோழி, நாய் ஆகியவற்றுள் ஒரு கூட்டத்தை ஒரு வாரம் தொலைவிலிருந்து உற்றுநோக்குக. எது முந்துகிறது, எது விலகுகிறது என்பதைக் குறித்துப் படிநிலை வரைபடம் ஒன்றை உருவாக்குக.

2. ‘தாழ்வு என்பது பிறப்பில் இல்லை, தாழ்த்தும் சூழலில் உள்ளது’ என்னும் கருத்தைக் கட்டுரையில் உள்ள சான்றுகளைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் காணப்படுவதற்கும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

4. மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி எனத் தமிழ்ப்படுத்தியதுபோல, இக்கட்டுரையில் உள்ள பிற அறிவியல் சொற்களுக்கு ஏற்ற தமிழ்ச் சொற்களை உருவாக்க முயல்க.